இறந்தவரின் வைப்புத்தொகைக்கு இருவர் உரிமை கோரினால்…

நாமினி என்றால் பணத்துக்குச் சொந்தக்காரர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர் மட்டுமே அவர். வாரிசுகளின் பங்கு அப்படியே இருக்கும்.

ஆனால் “அவருக்குக் கொடுக்காதீர்கள்” என்று மேனேஜரிடம் வெறும் கடிதம் நீட்டிப் பயனில்லை. நாமினிக்குக் கொடுத்துவிட்டால் வங்கியின் கடமை முடிந்தது. தடுக்க வேண்டுமானால், பணம் கைமாறும் முன்பே நீதிமன்றத் தடையாணை வாங்கி, கிளையில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

நாமினியே இல்லையா? சண்டையும் இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழே பெரும்பாலும் போதும். விழுப்புரமோ திண்டிவனமோ, இறந்தவர் குடியிருந்த வட்டத்தின் வட்டாட்சியருக்கு இ-சேவை மையம் வழியே விண்ணப்பிக்கலாம். சண்டை இருந்தால் அந்தச் சான்றிதழ் எடுபடாது. நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழை வங்கியில் கேட்பார்கள். வக்கீல் செலவைக் கணக்குப் போட்டால், பங்காளிகள் உட்கார்ந்து பேசிவிடுவதே மலிவு.

இழுபறி நீண்டு 10 ஆண்டு கணக்கு அசையாமல் கிடந்தால், பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். பதற வேண்டாம், பிறகும் அதே வங்கியில் கேட்டுப் பெறலாம். பாஸ்புக் தொலைந்திருந்தால், 2023-இல் தொடங்கிய ‘உத்கம்’ இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.