உயர்த்திய ஜீப்பும் உதறும் ஷாஃப்டும்

(ஆட்டோமொபைல் பிரிவு, மூன்றாம் ஆண்டு)



ஹூக் ஜாயிண்ட் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது தேர்வுதான். படம் வரைந்து பாகங்களைக் குறித்து, சூத்திரத்தை எழுதி, மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்தச் சூத்திரம் மலைப்பாதையில் ஓடும் ஒவ்வொரு ஜீப்பின் வயிற்றுக்கடியிலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை மறந்துவிட்டு வண்டியை உயர்த்தினால் என்ன ஆகும், எப்படிச் சரி செய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஏன் உயர்த்துகிறார்கள்?

பாறையும் பள்ளமும் உள்ள பாதையில் ஹவுசிங் தட்டாமல் போக வேண்டும், பெரிய டயர் போட வேண்டும் என்று சிலர் ஜீப்பை உயர்த்துகிறார்கள். நம் பக்கத்தில் அதைவிட முக்கியமான காரணம் பாரம். தேனி மாவட்டத்திலிருந்து தினமும் விடியற்காலையில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பாரம் தாங்க ஒரு பட்டை, இரண்டு பட்டை என்று ஸ்பிரிங் கட்டில் கூடுதலாகச் சேர்ப்பார்கள். சிலர் நீளமான ஷாக்கிள் போடுவார்கள். பெயர் எதுவானாலும் காலியாக நிற்கும்போது வண்டி உயர்ந்துதான் நிற்கும்.

ஒரு மூட்டு செய்கிற வேலை

இந்த மூட்டுக்கு இத்தாலியர் கார்டானோ, ஆங்கிலேயர் ராபர்ட் ஹூக் இருவர் பெயரும் உண்டு. மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி இதை அமைத்து 1903-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். அதுவரை பல வண்டிகளில் சைக்கிள் போலச் சங்கிலிதான்.

கோணத்தில் வேலை செய்யும் ஒரு கிராஸ், உள்ளே வரும் சீரான வேகத்தை அப்படியே வெளியே தராது. ஒரு சுற்றில் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். உச்ச வேகம் வேண்டுமானால் உள்வேகத்தைக் கோணத்தின் கொசைனால் வகுக்க வேண்டும். குறைந்த வேகத்துக்கு அதே கொசைனால் பெருக்க வேண்டும்.

உள்வேகம் நிமிடத்துக்கு 1000 சுற்று என்று வைப்போம். கோணம் 3° என்றால் வெளியே 999-க்கும் 1001-க்கும் நடுவில் ஆடும். ஒன்றும் தெரியாது. 10° என்றால் 985-லிருந்து 1015 வரை. 20° என்றால் 940-லிருந்து 1064 வரை! இவ்வளவு பெரிய இழுப்பையும் விடுப்பையும் ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை செய்கிறது.

அப்படியானால் ஜீப் எப்படி உதறாமல் ஓடுகிறது? ஷாஃப்டின் மறுமுனையில் இன்னொரு கிராஸ் இருக்கிறதே! முன் மூட்டு செய்த கோளாறைப் பின் மூட்டு எதிராகச் செய்து சமன் செய்துவிடுகிறது. ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, இரண்டு மூட்டின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு, ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இதில் ஒன்று கெட்டாலும் உதறல்தான்.

உயரம் கூடினால் கோணம் என்ன ஆகும்?

டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் பினியனுக்கும் கிடைமட்ட தூரம் 600 மி.மீ., பினியன் 100 மி.மீ. தாழ்வாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷாஃப்டின் சாய்வு சுமார் 9.5°. வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால் அது 14°. 100 மி.மீ. உயர்த்தினால் 18.4°. இதே உயர்வை 1200 மி.மீ. தூரம் உள்ள நீள வண்டியில் செய்தால் 4.8°-லிருந்து 9.5° வரைதான் போகும். குட்டை ஜீப் ஏன் அதிகம் உதறுகிறது என்பதற்கு இதுவே காரணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குட்டை வண்டியில் 100 மி.மீ. உயர்த்தும்போது ஷாஃப்டின் நீளம் 608-லிருந்து 632 மி.மீ. ஆக வேண்டும். அந்த 24 மி.மீ. எங்கிருந்து வரும்? ஸ்லிப் ஜாயிண்ட் வெளியே இழுபடும். உள்ளே மாட்டியிருக்கும் ஸ்பிளைன் நீளம் குறைந்தால் அங்கே ஆட்டம் விழும். கோணம் சரியாக இருந்தாலும் ஷாஃப்ட் நடுங்கும்.

உதறல் எங்கிருந்து வருகிறது?

பட்டறையில் உதறல் என்றதும் "வீல் பேலன்ஸ் பண்ணு" என்பார்கள், அல்லது "கிராஸை மாத்து" என்பார்கள். முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்.

டயர் விட்டம் 70 செ.மீ., பின் அச்சு விகிதம் 4.5, வேகம் மணிக்கு 60 கி.மீ. என்று கொள்வோம். சக்கரம் வினாடிக்கு சுமார் 7.6 முறை சுற்றும். ஷாஃப்ட் 34 முறை சுற்றும். ஆகவே,

1. மெதுவான குலுக்கல், வினாடிக்கு ஏழெட்டு: டயர், ரிம், சக்கரக் கோளாறு.
2. வினாடிக்கு 34 என்ற நடுக்கம்: ஷாஃப்டில் எடை சமனின்மை, வளைவு, அல்லது ஆட்டம்.
3. அதைப் போல இரண்டு மடங்கு, 68 என்ற ரீங்காரம்: கோணக் கோளாறு.

எண்ணிப் பார்க்க முடியாதே என்பீர்கள். முதலாவதைக் கண்ணால் பார்க்கலாம், ஸ்டீயரிங் ஆடும். இரண்டாவதை உட்காரும் இடத்தில் உணரலாம். மூன்றாவது காதில் கேட்கும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை மட்டும் அதே வேகத்துக்கு முறுக்கிப் பாருங்கள். அப்போதும் உதறினால் குற்றம் ஷாஃப்டில் இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் உதறல் மாறினால் கோணம், அல்லது பினியன் பேரிங் மீது சந்தேகப்படலாம்.

அளப்பது எப்படி?

வண்டி சமதளத்தில், நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும். ஜாக்கி வைத்து அச்சைத் தொங்கவிட்டு அளந்தால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, எஞ்சினை நிறுத்திய பிறகே அடியில் போக வேண்டும். ஒரு தூக்குக்குண்டும் ஜியாமெட்ரி பாக்ஸ் கோணமானியும் போதும். செல்போனில் கோணம் காட்டும் வசதியும் இப்போது இருக்கிறது. மூன்று சாய்வுகளை எடுங்கள்: டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்ச், ஷாஃப்ட், பினியன் ஃபிளாஞ்ச். ஷாஃப்டின் சாய்விலிருந்து மற்ற இரண்டையும் தனித்தனியே கழித்தால் முன் மூட்டுக் கோணமும் பின் மூட்டுக் கோணமும் கிடைக்கும். மேலிருந்து பார்க்கும்போது ஷாஃப்ட் பக்கவாட்டிலும் சாய்ந்திருந்தால் அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

முக்கியமாக, காலியாக ஒரு முறை, பாரத்தோடு ஒரு முறை அளக்க வேண்டும்.

ஒரு ஜீப்பின் கணக்கு

என் தாய்மாமா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறார். என் அம்மா வேலைக்குப் போவதும் அந்த ஜீப்பில்தான். ஒரே மழைக்காலத்தில் அதில் இரண்டு முறை கிராஸ் போயிற்று. பட்டறையில் இரண்டு முறையும் புதுசு மாட்டிக் காசு வாங்கிக்கொண்டார்கள். மாமா சொன்னது இதுதான்: "மாப்ள, ஆள் ஏறுனா வண்டி நல்லாத்தான் போகுது. காலியா திரும்பையிலதான் உதறுது."

பாரம் ஏறினால் கோளாறு கூடத்தானே வேண்டும்? இங்கே குறைகிறதே என்று யோசித்தேன். விடுமுறையில் போய் அளந்தேன். காலி வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் 4°, ஷாஃப்ட் 16°, பினியன் 8°. ஆகவே முன் மூட்டு 12°, பின் மூட்டு 8°. சமமில்லை. ஆட்கள் உட்கார்ந்த பிறகு ஷாஃப்ட் 10° ஆயிற்று. முன் மூட்டு 6°, பின் மூட்டு 2°.

இரண்டிலும் வித்தியாசம் 4° தானே என்று நினைக்கலாம். அங்கேதான் சூட்சுமம். சமனாகாமல் மிஞ்சும் வேக ஆட்டம் கோணங்களின் வித்தியாசத்தைப் பொறுத்ததல்ல. கோணங்களின் வர்க்கங்களின் வித்தியாசத்தைப் பொறுத்தது. காலியாக 144-லிருந்து 64 போக 80. பாரத்தோடு 36-லிருந்து 4 போக 32. காலி வண்டியில் உதறல் இரண்டரை மடங்கு! மாமா காதால் சொன்னதைத்தான் கணக்கும் சொன்னது.

காரணம் பின் ஸ்பிரிங்கின் பின்முனையில் போட்டிருந்த நீள ஷாக்கிள். அது வண்டியைக் கொஞ்சம் உயர்த்தியதோடு அச்சையும் திருப்பிப் பினியன் மூக்கை மேலே தூக்கிவிட்டது. பழைய அளவு ஷாக்கிளையே மாட்டினோம். பிறகு ஷாஃப்ட் 15°, பினியன் 5°. மூட்டுகள் 11°, 10°. வர்க்க வித்தியாசம் 80-லிருந்து 21. அந்தப் பாதையில் வண்டி மணிக்கு 30 கி.மீ. தாண்டுவதில்லை. ஷாஃப்ட் சுமார் 1000 சுற்றுக்குள்தான் சுற்றும். அதற்கு இது தாங்கும். உதறல் முழுதும் போகவில்லை, ஆனால் வெகுவாகக் குறைந்தது. செலவு இரண்டு ஷாக்கிளும் கொஞ்சம் கிரீஸும்தான்.

சரி செய்யும் முறைகள்

செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகச் செய்யுங்கள்.

1. கிராஸில் ஆட்டம், பினியன் நட் தளர்வு, யூ போல்ட் தளர்வு ஆகியவற்றைப் பார்க்கவும்.

2. யோக்குகள் ஒரே தளத்தில் உள்ளனவா என்று பார்க்கவும். கழற்றி மாட்டும்போது ஸ்பிளைன் மாறினால் போச்சு. 16 பல் ஸ்பிளைன் என்றால் ஒரு பல் தவறினால் 22.5°. கழற்றும் முன் பெயிண்டால் குறி போடுங்கள்.

3. ஸ்லிப் ஜாயிண்ட் போதிய அளவு உள்ளே இருக்கிறதா? இல்லையேல் ஷாஃப்டை நீட்ட வேண்டும். வெறும் வெல்டிங் போதாது, பேலன்சிங் மெஷினில் ஏற்றி எடுக்க வேண்டும்.

4. பினியன் கோணத்தைத் திருத்த, ஸ்பிரிங் கட்டுக்கும் அச்சில் உள்ள இருக்கைக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைக்கலாம். இரும்புத் தகடு நல்லது. சென்டர் போல்ட் தலை இருக்கையில் சரியாக உட்கார வேண்டும். சில நாள் ஓடியபின் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும்.

5. டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைச் சற்று இறக்கினால் முன் மூட்டுக் கோணம் குறையும். ஆனால் வண்டியை உயர்த்திக் கிடைத்த இடைவெளி அங்கே போய்விடும். கிளட்ச், கியர் இணைப்புகளையும் சரிபார்க்க வேண்டும்.

6. கோணம் மிகப் பெரிதானால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டைக் கார்டன் மூட்டு போட வேண்டும். இதில் இரண்டு கிராஸ் சேர்ந்து கோணத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளும். அப்போது பழைய சமகோண விதி செல்லாது. பினியன் நேராக ஷாஃப்டைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது பட்டை முறுங்கிப் பினியன் மேலே எழும் என்பதால் 1° அல்லது 2° தாழ்த்தி வைப்பது வழக்கம்.

முன் அச்சில் மட்டும் ஆப்பை யோசிக்காமல் வைக்காதீர்கள். அங்கே பினியனைத் தூக்கினால் கேஸ்டர் கோணம் குறையும். ஸ்டீயரிங் நிலைக்காமல் அலையும். உதறலை நிறுத்தப் போய் ஓட்டத்தைக் கெடுத்த கதையாகிவிடும்.

இது ஏன் உயிர் விஷயம்?

வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. இரு சக்கர ஓட்டத்தில் போகும்போது கிராஸ் உடைந்து ஷாஃப்ட் கழன்றால் எஞ்சினின் பிடிப்பும் போகும், ஹேண்ட் பிரேக்கும் போகும். கால் பிரேக் ஒன்றே மிச்சம். இறக்கத்தில், கொண்டை ஊசி வளைவில், பின்னால் ஆட்கள் இருக்கும்போது இதை நினைத்துப் பாருங்கள். ஷாஃப்டின் முன்முனை தரையில் விழாமல் தாங்க ஓர் இரும்பு வளையம் போடுவது சிறிய செலவு, பெரிய காப்பு.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது.

நண்பர்களே, எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். "படிச்சு என்னப்பா செய்யப் போற?" என்று ஊரில் கேட்கிறார்கள். பாகத்தை மாற்ற எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாகம் ஏன் போயிற்று என்று அளந்து சொல்வதுதான் நம் டிப்ளமோவுக்கு மரியாதை. நாளை ஒரு டிரைவர் நம்மிடம் வந்து "உதறுது தம்பி" என்றால், ஸ்பேனரை எடுக்கும் முன் கோணமானியை எடுப்போம். அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்போம். பாதி விடை அவர் காதிலேயே இருக்கிறது.