கருவிக்கு விளக்கம் எழுதுதல்

மனிதர் இடும் பணியைப் பிற மென்பொருள் கருவிகளை இயக்கித் தானே முடிக்கும் மென்பொருளைச் செயற்கை நுண்ணறிவு முகவர் என்பர். கருவியின் பெயர், பயன், உள்ளிட வேண்டிய தரவு ஆகியவற்றைக் கூறும் விளக்கக் குறிப்பே அதற்கு வழிகாட்டி.

பயணச்சீட்டுப் பதியும் கருவியின் குறிப்பில் 'பயண நாள்' என்று மட்டும் இருப்பதாகக் கொள்வோம். 03/04/2025 என்பது இந்திய வழக்கில் ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கில் மார்ச் 4. ஐயுற்ற மனிதர் பிறரை வினவுவர்; முகவரோ ஒன்றைத் தானே கருதிக்கொண்டு தவறான நாளுக்குச் சீட்டைப் பதிந்துவிடக்கூடும். 'ஆண்டு-மாதம்-நாள், எடுத்துக்காட்டு: 2025-04-03' என எழுதின் ஐயம் நீங்கும். பதிந்ததை நீக்க இயலுமா என்பதையும் குறிப்பு உரைத்தல் வேண்டும்.

குன்றக் கூறலையும் மயங்க வைத்தலையும் நூற்குற்றங்களாக வகுத்தது நன்னூல். கருவிக் குறிப்புக்கும் அவை குற்றங்களே.