பவளத்தில் விளங்கும் பேரொழுங்கு

தென் அந்தமானில், வண்டூரை அடுத்து, 1983ஆம் ஆண்டு மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அங்கே ஜாலி பாய் தீவின் அருகில், கண்ணாடி அடித்தளம் கொண்ட படகிலிருந்து நோக்குவோர்க்குப் பவளப் பாறைகள் காட்சி தருகின்றன. சிற்றுயிர்கள் கடல்நீரிலிருந்து பெற்ற பொருளைக் கால்சியம் கார்பனேட்டாக்கிக் கட்டிய கோட்டைகள் அவை. அந்தக் கார்பன் எங்கே பிறந்தது?

விண்மீன்களின் மையத்தில் மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் இணைந்து ஒரு கார்பன் அணுக்கரு உருவாகிறது. இஃது எளிதில் நிகழாத சேர்க்கை. உலகில் இவ்வளவு கார்பன் இருக்கவேண்டுமானால், கார்பன் அணுக்கருவுக்குக் குறிப்பிட்டதோர் ஆற்றல் நிலை இருந்தே தீரவேண்டும் என்று 1953இல் வானியல் அறிஞர் பிரெட் ஹாயில் வாதிட்டார். வில்லியம் ஃபௌலர் பணியாற்றிய கலிபோர்னிய ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, அந்நிலை ஏறத்தாழ அவர் கூறிய இடத்திலேயே இருந்தது.

அந்த இடத்தை நிர்ணயிப்பவை இயற்கையின் அடிப்படை அளவுகள். ஒளியின் வேகம், ஈர்ப்பின் வலிமை, அணுக்கருவைப் பிணைக்கும் விசை போன்ற இவற்றுள் சில சிறிதளவு மாறினாலும் உலகமே வேறாகிவிடும். அணுக்கரு விசை அரை சதவீதம் கூடியோ குறைந்தோ இருந்தால், கார்பன், ஆக்சிஜன் இரண்டில் ஒன்று பெரும்பாலும் உருவாகியிருக்காது என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கீடு காட்டியது. ஈர்ப்பு பன்மடங்கு வலுத்திருந்தால், சூரியன் தன் எரிபொருளை விரைவில் தீர்த்திருக்கும். உயிர் மலர அவகாசம் இருந்திராது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்து நோக்கிய கப்பல் பயணத்தில் வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு எனக் கணக்கிட்டார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கான அவ்வெல்லையையும் இத்தகைய மாறிலிகளே வகுக்கின்றன. 1983இல் ஃபௌலரும் அவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இதைக் கொண்டு, இறைவனை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என முடிவுகட்டுவது அவசரம். வெவ்வேறு மாறிலிகள் கொண்ட பிரபஞ்சங்கள் பல இருக்கலாம் என்போரும், இன்னும் ஆழ்ந்த விதி ஒன்று இருக்கலாம் என்போரும் அறிஞருள் உண்டு. விஞ்ஞானம் விடை காணாத இடங்களில் மட்டும் ஆண்டவனைத் தேடும் நம்பிக்கை, விடை கிடைத்ததும் தளர்ந்துபோகும். வேத முனிவர்களோ, அறியப்பட்ட ஒழுங்கையே ‘ருதம்’ என்று வணங்கினர்.

அந்த வணக்கம் கடமையையும் உடன் கொண்டுவருகிறது. 2010ஆம் ஆண்டுக் கோடையில் கடல்நீர் மிகுதியாக வெப்பமுற்றபோது, அந்தமான் பவளங்கள் தம்முள் வாழும் பாசிகளை இழந்து பெருமளவில் வெளிறின. இயற்கையின் மாறிலி எதுவும் அப்போது பிறழவில்லை. கடல்கள் சூடேறி வருவதற்கு, மனிதன் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் முக்கியக் காரணம். அவற்றில் இருப்பதும் விண்மீனில் பிறந்த அதே கார்பன்தான்.

மாறிலிகளை மாற்றும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. தன் நுகர்வை மாற்றும் ஆற்றல் உண்டு. பிரபஞ்சம் அளவு தவறாமல் நிற்பதால் உயிர் வாழ்பவன், தானும் அளவறிந்து வாழ்வதே அந்த ஒழுங்குக்குச் செய்யும் வழிபாடு.