கரும்பழுப்பு முட்டைக்குக் கோழித் தேர்வு

நாஞ்சில் நாட்டில் வயலும் தென்னந்தோப்பும் உள்ள வீடுகளில் ஐந்து, பத்து கோழிகள் வளர்ப்பது நெடுநாளைய வழக்கம். முட்டை விற்ற பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்கு உதவுகிறது. பண்ணை வெள்ளை முட்டையைவிடப் பழுப்பு முட்டைக்குக் கடைகளில் கூடுதல் விலை கிடைக்கிறது. சத்தில் இரண்டும் ஒன்றே எனினும், அழுத்தமான நிறத்தையே வாங்குவோர் விரும்புகின்றனர்.

ஆனால், பல வீடுகளில் சில ஆண்டுகளில் முட்டையின் நிறம் வெளுத்துப் போகிறது. இதற்குத் தீவனத்தைக் குறை கூறுவதுண்டு. உண்மையில் தவறு தேர்வில் உள்ளது. நிறமுள்ள பெரிய முட்டைகள் முதலில் கடைக்குப் போகின்றன. எஞ்சிய வெளிறிய முட்டைகளே அடைக்கு வைக்கப்படுகின்றன. நன்கு வளர்ந்த சேவலும் கோவில் கொடைக்கோ கறிக்கோ போய்விடுகிறது. நெல்லில் நல்ல மணியை விற்றுவிட்டுச் சாவியை விதைக்கு வைப்பவர் யாருமில்லை. கோழியில் மட்டும் அப்படிச் செய்கிறோம்.

நிறம் வரும் விதம்

ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. இதில் சுமார் 20 மணி நேரம் ஓடு உருவாகவே செலவாகிறது. கடைசிச் சில மணி நேரத்தில்தான் பழுப்பு நிறப்பொருள் ஓட்டின்மேல் படிகிறது. தீவனத்தால் மஞ்சள் கருவின் நிறம் மாறலாம். ஓட்டின் நிறம் பரம்பரைக் குணம். எனினும் கடும் வெயில், அச்சம், நோய் ஆகியவற்றால் ஓடு வெளுக்கும். தொடர்ந்து பல மாதங்கள் இட்டாலும் நிறம் குறையும். எனவே, முட்டையிடத் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில், ஒரே பருவத்தில் இட்ட முட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சேவலின் பங்கு

குஞ்சின் குணத்தில் பாதி சேவலிடமிருந்து வருகிறது. சேவல் முட்டையிடுவதில்லை, அதன் தாய் இட்ட முட்டையே அதற்குச் சான்று. ஆகவே, கரும்பழுப்பு முட்டையிலிருந்து பொரித்த சேவல் குஞ்சின் காலில் அடையாள வளையம் இட்டு, அதையே இனவிருத்திக்கு வளர்க்க வேண்டும். அதன் பெண் குஞ்சுகளும் பின்னர் நல்ல நிறத்தில் முட்டையிட்டால், அச்சேவலை விற்கக் கூடாது.

எந்த இனம்?

அமெரிக்காவில் தோன்றிய ரோட் ஐலண்ட் ரெட் பழுப்பு முட்டையிடும் இனம். இதிலிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியதே ‘நந்தனம் கோழி–1’. பிரான்சின் மாரன்ஸ் இனம் சாக்லேட் நிற முட்டையிடும். ஆனால் இருக்கும் கோழிகளிலேயே தேர்வைத் தொடங்கலாம். கலப்பினக் கோழிகளின் முட்டையை அடைக்கு வைத்தால் குஞ்சுகள் தாயைப் போல ஒரே சீராக இருப்பதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. எந்தக் கோழி எந்த முட்டை இடுகிறது என்றறிய, ஒரு வாரம் கோழிகளைத் தனித்தனிப் பஞ்சாரத்தில் அடைத்து, முட்டையிட்டபின் திறந்துவிட வேண்டும். முட்டையில் பென்சிலால் அடையாளம் இடலாம்.

2. நிறத்தை மட்டும் பார்த்தல் கூடாது. அடிக்கடி முட்டையிடுவதும், நோயின்றி இருப்பதும், ஓடு உறுதியாக இருப்பதும் அவசியம்.

3. எட்டு முதல் பத்து பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். சேவலை மாற்றினால் மூன்று வாரம் கழித்தே அடைமுட்டை சேகரிக்க வேண்டும். அதுவரை பழைய சேவலின் கலப்பு இருக்கும்.

4. அடைமுட்டையைக் கழுவாமல், நிழலான இடத்தில், அகன்ற முனை மேலாக வைக்க வேண்டும். ஏழு நாட்களுக்கு மேல் வைத்திருத்தல் கூடாது.

5. ரோட் ஐலண்ட் ரெட் பெரும்பாலும் அடை படுக்காது. நாட்டுக் கோழிக்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டைகள் வைக்கலாம். கரிய ஓட்டில் கரு எளிதில் தெரியாது. எனவே ஏழாம் நாளுக்குப் பதில் பத்தாம் நாள் வெளிச்சத்தில் பார்ப்பது நலம்.

6. நெருங்கிய உறவுக் கலப்பைத் தவிர்க்க, அண்டை வீட்டாருடன் சேவலை மாற்றிக்கொள்ளலாம். அதன் தாய் இட்ட முட்டையின் நிறத்தைக் கேட்டறிந்து வாங்க வேண்டும்.

இம்மாவட்டத்தில் இரு பருவமழையும் உண்டு. ஜனவரித் தொடக்கத்தில் அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். ஜூன் மழைக்குள் குஞ்சுகள் நான்கு மாத வளர்ச்சி பெற்றுவிடும். கும்பப்பூ அறுவடையில் சிதறும் நெல்லும் இரையாகும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டு, உரிய வயதில் தவறாமல் போட வேண்டும்.

ஒரே ஆண்டில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க இயலாது. ஒவ்வோர் ஆண்டும் நிறமுள்ள முட்டைகளில் பத்தையாவது கடைக்கு அனுப்பாமல் அடைக்கு ஒதுக்கினால், சில தலைமுறைகளில் கோழி வளர்ப்போர் நல்ல பலனைக் காணலாம்.