மார்க்கெட் கமிட்டியிலிருந்து ஒரு புராஜெக்ட்

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, சுற்றியுள்ள தனியார் கல்லூரிகள் என்று எங்கே பார்த்தாலும் பி.சி.ஏ.வுக்கும் கணினி அறிவியலுக்கும் வருகிறவர்களில் தமிழ் வழியில் படித்தவர்கள் ஏராளம். மயிலத்திலும் விக்கிரவாண்டியிலும் ரயில் ஏறி வரும் அந்தப் பிள்ளைகளை முதல் செமஸ்டரில் மிரட்டுவது 'சி' மொழி. தங்களுக்கு இங்கிலீஷ் வராததுதான் காரணம் என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அது சரியான காரணம் இல்லை. 1989இல் தரப்படுத்தப்பட்ட சி மொழியில் மொத்தமே 32 கீவேர்டுகள். ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். புரோகிராம் ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கூடவே போகத் தெரிவதுதான் கஷ்டம். அதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம், ஒரு நோட்டு போதும். 'ஐ' என்ற மாறியை வைத்து 1 முதல் 5 வரை கூட்டும் லூப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி எழுத வேண்டும்: கூட்டுத்தொகை 1, 3, 6, 10, 15. லூப் முடிந்தபின் 'ஐ'யின் மதிப்பு என்ன? 5 என்று எழுதுகிறவர்களே அதிகம். விடை 6. ஆறாவது முறை நிபந்தனை பொய்யான பிறகுதானே லூப் நிற்கிறது! வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத மாணவர்கள் ரயிலில் உட்கார்ந்தபடியே இப்படி எழுதிப் பழகிவிட்டு லேபுக்குள் நுழைந்தால், கிடைக்கிற கொஞ்ச நேரமும் உருப்படியாகக் கழியும்.

ஐ.ஐ.டி. மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பத்து நிமிட வீடியோ, கூடவே செய்து பார்க்கப் பயிற்சி. பாடத்தைத் தமிழில் புரிந்துகொண்டு பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதுவது குறுக்குவழி அல்ல, முறையான வழி.

மூன்றாம் ஆண்டில் வரும் புராஜெக்டைத்தான் பலர் வீணடிக்கிறார்கள். யாரோ செய்துவைத்த நூலக மேலாண்மை புரோகிராமைக் காசு கொடுத்து வாங்கி, முகப்பில் பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. வைவாவில் எக்ஸ்டர்னல் தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டதும் குட்டு உடைந்துவிடும்.

திண்டிவனம் பக்கத்து விவசாயக் குடும்பத்து மாணவி ஒருவர் வேறு மாதிரி யோசித்தார். அப்பா மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை கொண்டுபோகும் மார்க்கெட் கமிட்டியையே புராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டார். விவசாயி பெயர், சரக்கு, மூட்டை, விலை எல்லாவற்றையும் ஒரே டேபிளில் போட்டார். மொத்தத் தொகை எடுத்தபோது ஒரே ஆள் இரண்டு பேராக வந்து நின்றார். ஒரு வரியில் இனிஷியல் முன்னால், இன்னொரு வரியில் பின்னால். ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு எண் கொடுத்து, விவசாயிகளுக்குத் தனி டேபிள், அவர்கள் கொண்டுவரும் சரக்கு லாட்டுகளுக்குத் தனி டேபிள் என்று பிரித்த பிறகே கணக்கு நேரானது. பிரைமரி கீ, ஃபாரின் கீ என்று புத்தகத்தில் படித்ததெல்லாம் அன்றைக்குத்தான் அவருக்குப் பிடிபட்டது. வைவாவில் 'ஏன் இரண்டு டேபிள்?' என்று கேட்டதற்கு அவர் தயங்கவே இல்லை. வேலைக்கான இன்டர்வியூவிலும் இப்படி ஒரு கதை சொல்ல முடிந்தவரைத்தான் உட்காரவைத்து மேலும் நாலு கேள்வி கேட்பார்கள்.

வேலைக்குச் சென்னைதான் போக வேண்டும் என்ற நிலையும் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. வேலைக்குப் போனால் மேல்படிப்பு நின்றுவிடும் என்பதும் இல்லை: விப்ரோ போன்ற நிறுவனங்கள் பி.சி.ஏ., பி.எஸ்சி. பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்கவும் வைக்கின்றன. ஆனால் அரியர் இருந்தால் இந்தக் கதவுகள் பெரும்பாலும் திறப்பதில்லை.

எம்.சி.ஏ. நினைப்பு இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டான்செட் நுழைவுத் தேர்வு வழியாகச் சேர பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருப்பது கைகொடுக்கும். வணிகவியல் பிரிவிலிருந்து பி.சி.ஏ.வுக்கு வந்த மாணவருக்குக் கல்லூரியில் வரும் கணிதத் தாள்தான் அந்த அடித்தளத்தைத் தருகிறது. 'பாஸ் மார்க் வந்தால் போதும்' என்று அதை ஒதுக்காமல், முதலாண்டிலேயே கணித ஆசிரியரைத் தேடிப்போய் சந்தேகம் கேட்டுப் படிப்பது நல்லது.