குறி பார்க்கும் கண்ணும் தேங்காயெண்ணெயும்

கோட்டாற்றுக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், தம் பேத்தி ஏர் பிஸ்டல் பழகத் தொடங்கிய செய்தியைப் பெருமிதத்தோடு சொல்லிவிட்டு, "கை மரம் மாதிரி நிக்கணும், கேட்டீரா? அதுதான் இதில சூட்சுமம்" என்று தீர்ப்பும் வழங்கினார்.

சூட்சுமம் அங்கே இல்லை. நீட்டிய ஒற்றைக் கை அசையாமல் நிற்பது மனுஷ்ய சரீரத்துக்குச் சாத்தியமே அன்று; ஒலிம்பிக் வீரரின் கையும் அசையத்தான் செய்யும். பத்து மீட்டர் தூரத்து இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அளவு. கை முழுதும் ஒருசேர ஒரு மில்லிமீட்டர் விலகினால் குண்டும் ஏறக்குறைய அவ்வளவே விலகும். பிஸ்டலின் மேலுள்ள முன்குறியும் பின்குறியும் தமக்குள் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலோ, அவற்றின் இடைவெளி சுமார் 33 சென்டிமீட்டரே ஆதலால், அப்பிழை முப்பது மடங்காகப் பெருகிக் குண்டை ஏழாம் வளையத்தில் கொண்டு சேர்த்துவிடும். ஆகையால் கண் ஊன்றவேண்டிய இடம் முன்குறி. இலக்கு மங்கித் தெரிவதே முறை. அந்த ஒழுங்கைக் கெடுக்காமல் விசையை அழுத்தத்தான், குண்டே இல்லாமல் வெற்றுச் சுவரை நோக்கி நாள்தோறும் பழகுகிறார்கள். பேத்தி அப்படிச் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்து நெடுநேரம் நின்றதைக் கண்ட ஆச்சி, பிள்ளை எதையோ கண்டு பயந்துவிட்டதென்று திருநீறு பூசிவிட்டாராம்!

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகேச், கால்சட்டைப்பையில் கைவிட்டபடி உபகரணம் ஏதுமின்றி வெள்ளி வென்றார் என்ற கதையும் நம்மூர்வரை வந்திருக்கிறது. ஆனால் பையில் கை வைப்பது பிஸ்டல்காரர் பலருடைய வழக்கம். விறைத்த மேலங்கி ரைபிள்காரருக்கே உரியது. டிகேச்சுக்கோ அது ஐந்தாவது ஒலிம்பிக்.

கருவிப் பராமரிப்பில்தான் அண்ணாச்சியோடு நான் வாதாட நேர்ந்தது. துருப்பிடிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெய் விடலாமென்பது அவர் கட்சி. இரண்டு பருவமழையும் பெய்யும் கோட்டாற்றுப் பகுதியில் துருவுக்கு அஞ்சுவது நியாயமே. ஆயினும் 200 பார் அளவில் காற்றை அடக்கிய பிஸ்டல் உருளையின் பக்கம் சாதாரண எண்ணெயைக் கொண்டுபோவது அபாயம். அழுத்தத்தில் அது தீப்பற்றக்கூடும். ரப்பர் வளையங்களுக்குத் தயாரிப்பாளர் சொன்ன சிலிக்கோன் பசையே போதும். வெளி இரும்பைத் துப்பாக்கி எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, ஈரத்தை உறிஞ்சிவைக்கும் பஞ்சுப்பெட்டியில் உடனே பூட்டாமல், சற்று உலரவிடவேண்டும். கைப்பம்பால் ஈரக்காற்றை ஏற்றினால் உருளையின் உட்புறமும் கெடும். உருளைகள் பலவற்றின் ஆயுள் பத்து ஆண்டுதான், தேதி அவற்றின்மேலேயே பொறித்திருக்கும்.

"நல்ல விலை கொடுத்து வாங்கினது பழுதாகுமா?" என்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், நம் நாட்டு வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச்சுற்றின் நடுவே பழுதாகி நேரம் கரைய, அவர் 575 புள்ளியோடு பன்னிரண்டாம் இடத்தில் நின்றதைச் சொன்னேன். பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் பெற்றதையும் சொல்லாமல் விடவில்லை.

இன்னொன்று: குண்டு ஈயம். பழகி முடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் ஏத்தங்காய் வற்றல் தட்டில் வைக்கலாகாது. இதை மட்டும் அண்ணாச்சி மறுப்பின்றி ஏற்று, பேத்தியைக் கூப்பிட்டு அப்போதே சொன்னார்.