மூன்றாவது பிஸ்டன்

கே: 500 சிசி ஸ்கூட்டர் எப்படிப் பிறந்தது? பைக் எஞ்சினைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்துவிட்டார்கள் என்று அடித்துச் சொல்கிறான் என் தம்பி.

ப: தம்பியோடு பந்தயம் கட்டியிருந்தால் பணத்தை வசூல் செய்துகொள்ளுங்கள். 2001-இல் விற்பனைக்கு வந்த யமஹா டிமேக்ஸின் 499 சிசி எஞ்சின், ஸ்கூட்டருக்கென்றே புதிதாகச் செய்தது. அதன் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தால் போதும். இரட்டை சிலிண்டர், முன்பக்கமாகக் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. நிமிர்த்தி வைத்தால் கால் வைக்க இடம் ஏது? இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்புகின்றன. அப்படியே விட்டால் வண்டி உதறித் தள்ளிவிடும். அதற்காகத்தான் கிராங்குக்குப் பின்பக்கம் மூன்றாவதாக ஒரு பிஸ்டன். அதற்கு வால்வு கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது, ஒரு சொட்டுப் பெட்ரோல் கண்ணில் காட்டுவதில்லை. அவை இரண்டும் முன்னே போனால் இது பின்னே போகும். அவை திரும்பினால் இதுவும் திரும்பும். உதறலை அடக்குவதொன்றே அதற்கு வேலை. எஞ்சின் உலகில் இதைவிட அழகான உழைப்பாளியை நான் பார்த்ததில்லை.

உதறலுக்கு ஏன் இத்தனை பயம் என்றால், எஞ்சினைச் சேஸிஸோடு இறுக்கிப் பூட்டிவிட்டார்கள். சாதா ஸ்கூட்டரில் எஞ்சின், பெல்ட், பின்சக்கரம் எல்லாம் ஒரே கட்டு. பள்ளம் வந்தால் மொத்தமும் சேர்ந்து ஏறி இறங்கும். ஸ்பிரிங்குக்குக் கீழே எடை கூடவே கூடாது என்பதை இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது. மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடலாம், காலில் கட்டிக்கொண்டு ஓட முடியுமா? டிமேக்ஸ் மூட்டையைத் தோளுக்கு ஏற்றியது. வேகத்தில் வளைவு எடுக்கும் துணிச்சல் அதற்கு அங்கிருந்துதான் வந்தது.

கே: அவ்வளவு பெரிய ஸ்கூட்டரில் ஸ்டெப்னி ஏன் இல்லை?

ப: அந்த 2001 டிமேக்ஸில் முன் டயர் 120 மில்லிமீட்டர் அகலம், பின் டயர் 150. எதற்கென்று ஒன்றை வைப்பது? அது கிடக்கட்டும், ஸ்டெப்னி என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லையே! வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒரு தெரு. கார்களில் மாற்றுச் சக்கரமே இல்லாத 1904-இல் அந்த ஊரில் உருவானது ஸ்டெப்னி சக்கரம். ஆரக்கால் இல்லாத வெறும் வளையமும் டயரும்தான். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் அதன் பக்கத்திலேயே இதைக் கவ்வவைத்து ஓட்டிக்கொண்டு போனார்கள். இருந்த சக்கரத்தோடு இன்னொரு சக்கரத்தின் எடையும், அத்தனையும் ஸ்பிரிங்குக்குக் கீழே!